பூண்டு தின்னச் சொன்னதும் இவர்கள்தானே?

2021 மே மாதம் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கோவிட் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பணி. எழுபதைத் தாண்டிய ஓர் ஆயா என் மேசை வரை வந்துவிட்டுக் கையை நீட்ட மறுத்தார். "எய்ட்ஸுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் தின்னச் சொன்னதும் இதே அரசாங்கம்தானே, மகளே? இப்போது மட்டும் எப்படி நம்புவது?"

பின்னால் நின்றவர் "படிக்காதவர்கள்" என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆயா எதையும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

2000 ஜூலையில் எங்கள் டர்பன் நகரில்தான் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியது. எச்ஐவி வைரஸே எய்ட்ஸுக்குக் காரணம் என்று 5,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அறிவித்திருந்தார்கள். ஆனால் மாநாட்டைத் தொடங்கிவைத்த அதிபர் தாபோ எம்பெக்கி வறுமையைப் பற்றியே பேசினார். எல்லாப் பழியையும் ஒரு வைரஸின் மேல் போட முடியாது என்றார். அதே தொடக்க விழாவில் எச்ஐவியோடு பிறந்த இன்கோசி ஜான்சன் என்ற 11 வயதுச் சிறுவன், கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசைக் கேட்டான். மறு ஆண்டு ஜூனில் அவன் இறந்துவிட்டான்.

அந்த 2001-இல் நான் ஓர் அரசு மருத்துவமனையின் பிரசவ அறையில் செவிலியாக இருந்தேன். நெவிராபின் என்று ஒரு மருந்து. வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த மூன்று நாட்களுக்குள் குழந்தைக்குச் சில சொட்டுகள். குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு பெருமளவு குறையும். தயாரித்த நிறுவனமே இலவசமாகத் தர முன்வந்திருந்தது. அரசோ மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டுமே அனுமதித்தது. எங்கள் மருத்துவமனை அந்த இரண்டில் ஒன்றாக இல்லை. வசதி உள்ளவர்களுக்குத் தனியார் மருத்துவரிடம் கிடைத்தது. ஒரு நாள் இரவு, தனக்கு எச்ஐவி இருப்பதை அறிந்த ஓர் இளம்பெண், வலிக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தைக்கு ஏதாவது கொடுங்கள், சிஸ்டர்" என்றாள். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

சிகிச்சை உரிமைக்காகப் போராடிய மக்கள் வழக்குத் தொடுத்து, 2002 ஜூலை 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்ற பிறகே அந்தக் கதவு திறந்தது. அதற்குப் பிறகும், 2006-இல் டொராண்டோவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் எங்கள் நாட்டு அரங்கில் பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் அடுக்கி வைத்திருந்தார்கள். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் எச்ஐவியையும் அதற்கான மருந்தையும் அரசு மறுத்ததால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த 35,000-ஐ எங்கே படித்தாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

அவநம்பிக்கை எம்பெக்கியோடு தொடங்கியதும் அல்ல. நிறவெறி அரசு நடத்திய இரகசிய இரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டத்தைப் பற்றி 1998-இல், அந்த ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் சாட்சியங்கள் வந்தன. கறுப்பின மக்களின் கருவளத்தைக் கெடுக்கும் வழிகளைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். சூடு கண்ட மக்கள் ஊசியைக் கண்டு ஒதுங்குவது எனக்குப் புரிகிறது. அந்த அச்சத்தைத் தீர்க்கவேண்டிய நாற்காலியில் அமர்ந்து அதற்கு எண்ணெய் ஊற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் வீடுகளிலும் ஒரு மறுப்பு இருந்தது. "எய்ட்ஸ் நமக்கு வருகிற நோயா?" என்பார்கள். இளம் வயதில் இறந்தவரை நிமோனியா என்று சொல்லி எடுத்துவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இத்தனைக்கும், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலையோ, வேம்பைப் போன்ற சிரிங்கா மரத்தின் இலையோ செருகி, வெளியாரை வரவிடாமல் காத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் நாம்.

கோவிட் வந்தபோது ஒரு நல்ல தொடக்கம் கிடைத்தது. 2020 ஏப்ரல் 13 அன்று டர்பன்காரரான தொற்றுநோயியல் பேராசிரியர் சலீம் அப்துல் கரீம் தொலைக்காட்சியில் படங்களை வைத்துப் பொறுமையாக விளக்கினார். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். என் அண்டை வீட்டார் விழித்திருந்து கேட்டார்கள். அந்த நம்பிக்கையையும் காப்பாற்றவில்லை. கோவிட் விளம்பர ஒப்பந்த ஊழல் புகாரில் 2021 ஆகஸ்டில் சுகாதார அமைச்சரே பதவி விலகினார்.

அதனால் ஊசி மேசையில் "அரசு சொல்கிறது" என்று நான் தொடங்கியதே இல்லை. கை வலிக்கும், ஒரு நாள் காய்ச்சல் வரலாம் என்பதை முதலில் சொன்னேன். அரசு செய்த தவற்றை அவர்கள் சொல்லும் முன்பே நான் ஒப்புக்கொண்டேன். பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்டபோது, இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றே அப்போது சொன்னேன்.

அன்று ஆயாவிடம் அந்தப் பிரசவ அறையைப் பற்றிச் சொன்னேன். "நீ போட்டுக்கொண்டாயா?" என்று கேட்டார். என் அட்டையைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தார். முதலாவது, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பது. வேண்டாம் என்றேன். இரண்டாவது, அந்தப் பெண்ணின் குழந்தை என்ன ஆனது என்பது.

"தெரியாது, ஆயா" என்றேன்.

சற்று நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினார்.