அக்யூட்: தீவிரமா, கடியதா, திடீரா?

2003ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு 'சார்ஸ்' என்ன என்று சொல்லவேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து உடல்வெப்பம் பார்க்கச் சொன்னார்கள். டான் டோக் செங் மருத்துவமனையை அந்த நோய்க்கென்றே ஒதுக்கினார்கள். 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். அந்தப் பெயரின் விரிவு 'சிவியர் அக்யூட் ரெஸ்பிரேட்டரி சிண்ட்ரோம்'. உலகச் சுகாதார நிறுவனம் அந்த ஆண்டு மார்ச்சில் வைத்த பெயர். ஒரு மூச்சு நோய்க்கு முன்னால் இரண்டு அடைமொழிகள் நிற்கின்றன: சிவியர், அக்யூட். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றே போதுமே, ஏன் இரண்டு?

தமிழில் எழுதப்போகும்போதுதான் இந்தக் கேள்வி உறைக்கிறது. சிவியர் என்றாலும் 'தீவிர', அக்யூட் என்றாலும் 'தீவிர' என்று நமக்குக் கை பழகிவிட்டது. 'தீவிர தீவிர சுவாச நோய்' என்று யாரும் எழுதமாட்டார்கள். அதனால் ஒன்றை விழுங்கிவிட்டு 'கடுமையான சுவாச நோய்' என்று முடித்துவிடுகிறோம். விழுங்கப்படுவது பெரும்பாலும் அக்யூட்தான்.

சிவியர் என்பது நோயின் அளவு. எவ்வளவு மோசம், உயிருக்கு ஆபத்தா, படுக்கையில் தள்ளுமா என்பதற்கான பதில். அக்யூட் என்பது நோயின் காலம். எப்போது தொடங்கியது, என்ன வேகத்தில் போகிறது என்பதற்கான பதில். இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். மூக்கு ஒழுகித் தொண்டை கரகரத்து நாலு நாளில் போய்விடும் சளிகூட மருத்துவக் கணக்கில் அக்யூட்தான், ஆனால் கொஞ்சமும் சிவியர் இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருடைய சிறுநீரக நோய் மிகவும் சிவியர், ஆனால் அக்யூட் இல்லை. அது நாட்பட்டது.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் பயத்தை லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், மருந்தகத்தில் கொடுத்த கடிதத்தைக் கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய் நின்றார். கடிதத்தில் இருந்தது 'அக்யூட் காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்'. கைபேசி சொன்னது 'தீவிர இரைப்பைக் குடல் அழற்சி'. "அண்ணே, தீவிரம்னு போட்டிருக்கே, ஊருக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டார். அவருக்கு வந்திருந்தது சாதாரண வயிற்றுப்போக்கு. முந்தின நாள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் குடித்து இரண்டு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவரும் சொல்லியிருந்தார். அந்த 'தீவிர' என்ற ஒரு சொல் இல்லையென்றால் அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்திருப்பார்.

சரி, அக்யூட் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'அகுஸ்' என்றால் ஊசி. 'அகுவேரே' என்றால் கூர்தீட்டுதல். தீட்டப்பட்டது 'அகூதுஸ்'. அக்குபஞ்சர் என்ற சொல்லின் முன்பாதியும் அந்த ஊசிதான். ஆனால் நோய்க்கு இந்தப் பெயர் லத்தீனில் பிறந்ததல்ல. அதற்கு முன்பே கிரேக்க மருத்துவர்கள் 'ஒக்சுஸ்' என்ற சொல்லைச் சில நோய்களுக்குப் பயன்படுத்தினார்கள். கூர்மை என்பது மட்டுமல்ல, விரைவு என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஹிப்போகிராட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில், இவ்வகை நோய்கள் பதினான்கு நாளுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. பிழைப்பாரா மாட்டாரா என்பது அதற்குள் தெரிந்துவிடும் என்று அர்த்தம். ஆக, தொடக்கத்திலேயே நாள் எண்ணித்தான் இந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். எதிர்ச்சொல்லான 'கிரானிக்' வெளிப்படையாகவே காலத்திலிருந்து வந்தது. 'க்ரோனோஸ்' என்றால் கிரேக்கத்தில் காலம். அதற்கு 'நாட்பட்ட' என்று நாம் வைத்திருப்பது அச்சுப்பிசகாத தமிழ். சிங்கப்பூரில் மருந்தகச் சுவரொட்டி முதல் முதியோர் நிலையம் வரை அந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. ஜோடியில் ஒன்று இவ்வளவு அழகாக அமைந்திருக்கும்போது மற்றது தடுமாறுவதுதான் உறுத்துகிறது.

நம் பக்கத்துவீட்டு மொழியில் இந்தத் தடுமாற்றம் இல்லை. சீனத்தில் அக்யூட்டுக்கு 'ஜீசிங்'. 'ஜீ' என்றால் அவசரம், விரைவு. கிரானிக்குக்கு 'மான்சிங்'. 'மான்' என்றால் மெதுவு. ஊசியையும் கூர்மையையும் அவர்கள் தொடவே இல்லை, நேரே வேகத்துக்குப் போய்விட்டார்கள். மலாய்க்காரர்கள் 'அக்குட்' என்று கடன் வாங்கிக்கொண்டார்கள், அதுவும் ஒரு வழி.

தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. தொல்காப்பிய உரியியல் 'கடி' என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள் அடுக்குகிறது: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று. கூர்மை இருக்கிறது. விரைவு இருக்கிறது. புதுமை இருக்கிறது, அதாவது நேற்றுவரை இல்லாதது. லத்தீன்காரர் கூர்மையை எடுத்தார், சீனர் விரைவை எடுத்தார், கிரேக்கச் சொல்லில் இரண்டும் இருந்தன. நம்முடையதில் மூன்றும் இருக்கின்றன. (அச்சமும் பட்டியலில் இருப்பது அந்தக் கட்டுமானத் தளத்துத் தம்பிக்காகப் போலிருக்கிறது.)

கடி, கடு, கடிது, கடுகுதல் எல்லாம் ஒரு குடும்பம். 'கடிது வா' என்றால் சீக்கிரம் வா. இலங்கையில் விரைவு ரயிலை இன்றும் கடுகதி ரயில் என்கிறார்கள். இராமன் வில்லை ஒடித்த இடத்தில் கம்பர் 'கடுப்பினில் யாரும் அறிந்திலர்' என்கிறார். வில்லை எடுத்தது கண்டார்கள், இற்றது கேட்டார்கள், நடுவில் நடந்தது வேகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே கடுப்பு என்றால் வேகம். நம் வீடுகளில் வயிற்றுக்கடுப்பு, நீர்க்கடுப்பு என்கிறோமே, அங்கே கடுப்பு வலியாகிவிட்டது. இரண்டும் மருத்துவர் கண்ணுக்கு அநேகமாக அக்யூட் நோய்களே. இதனால்தான் கலைச்சொல் தொகுத்தவர்கள் சிலர் அக்யூட்டுக்குக் 'கடிய' என்று வைத்தார்கள். வேரைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்பது என் எண்ணம்.

ஆனால் பத்துப் பொருளில் 'மிகுதி' மற்றவற்றைத் தின்றுவிட்டது. கடும் மழை, கடும் எதிர்ப்பு, கடுமையான தண்டனை. இன்று 'கடிய நோய்' என்று ஒரு பாட்டியிடம் சொன்னால் 'பொல்லாத நோய்' என்றுதான் காதில் விழும். தீவிரத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு விரைவு என்ற பொருளும் தமிழில் இருந்தது. பழைய உரைநடையில் 'தீவிரமாய்ப் போனான்' என்றால் வேகமாகப் போனான். அக்யூட்டுக்குத் 'தீவிர' என்று முதலில் எழுதியவரைக் குறைசொல்வதற்கில்லை. அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது, தீவிரவாதி வந்தார், சொல் முழுக்க வேறு பக்கம் சாய்ந்துவிட்டது.

சொல் எப்படியோ போகட்டும், காலத்தைப் பற்றிய அந்தக் கேள்வி போய்விடக்கூடாது. ஏனென்றால் மருத்துவர் கேட்பது அதைத்தான். பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் ஒருபக்கம் கோணுகிறது, கை தூக்கமுடியவில்லை, பேச்சு குழறுகிறது. 995ஐ அழைத்தால் வரும் குடிமைத் தற்காப்புப் படையினரும், மருத்துவமனையில் பார்க்கும் மருத்துவரும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். தாத்தா இரவு பத்து மணிக்குப் படுத்தார், காலை ஆறு மணிக்கு எழுந்தபோது கை மரத்துப்போயிருந்தது என்றால், கடிகாரம் ஆறு மணியிலிருந்து ஓடுவதில்லை, பத்து மணியிலிருந்து ஓடுகிறது. அப்படி விழித்தெழுந்தவர்களுக்கும் ஸ்கேன் பார்த்து வழி தேடுகிறார்கள், ஆனால் முதலில் அந்த நேரம் தெரியவேண்டும். நடுவில் இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்து சாதாரணமாக நடந்துபோனார் என்பது பாட்டிக்கு நினைவிருந்தால், அந்தச் சின்னத் தகவலுக்கு மதிப்பு மிக அதிகம். 'எவ்வளவு மோசமாக இருக்கிறார்' என்று பாட்டி சொல்லவேண்டாம், அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

டெங்கி இதையே தலைகீழாகக் காட்டும். காய்ச்சல் நூற்றிரண்டு, நூற்று மூன்று என்று கொதிக்கும் முதல் சில நாளில் வீடே பதறும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும், எல்லாரும் மூச்சுவிடுவார்கள். உண்மையில் கவனிக்கவேண்டிய நேரமே அதுதான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழக்கூடிய கட்டம் அங்கேதான் வரும். வயிறு விடாமல் வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் இரத்தமா, ஆள் துவண்டுபோய்க் கிடக்கிறாரா என்று பார்க்கவேண்டும். காய்ச்சலின் அளவை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார், நாளை எண்ணுபவர் தப்புவார். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்ததால் இந்த நாள் கணக்கு பல வீடுகளுக்குத் தெரிந்திருக்கும்.

வலியிலும் ஒரு குழப்பம் உண்டு. அக்யூட் பெயின் என்றதும் சுருக்கென்று குத்தும் வலி என்று பலர் நினைக்கிறார்கள், லத்தீன் ஊசி செய்கிற வேலை. மருத்துவத்தில் அப்படி இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் கிரானிக், புதிதாக வந்து காயம் ஆறியதும் போய்விடுவது அக்யூட். மந்தமாக அழுத்தும் வலியும் அக்யூட்டாக இருக்கலாம். குடல்வால் அழற்சி அப்படித்தான் தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும், பிறகு வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து குத்தத் தொடங்கும். நகர்ந்தது என்பதுதான் மருத்துவருக்குச் செய்தி. தமிழ் தெரியாத மருத்துவர் முன்னால் அம்மாவுக்காகப் பேசப்போகிறவர்கள் 'ஷார்ப்' என்று கேட்டால் குத்துதா என்று கேளுங்கள், 'அக்யூட்' என்று கேட்டால் எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

நாட்பட்ட நோய்க்கு மேலேயே அக்யூட் வந்து உட்காருவதும் உண்டு. இருபது வருடமாக நீரிழிவு, அது கிரானிக். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் அது அக்யூட். இரத்தத்தில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போயிருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் அந்த எல்லையைத் தங்கள் கருவியில் 70 என்று சொன்னால் குழம்பவேண்டாம், அது மில்லிகிராம் அளவுகோல், ஏறக்குறைய அதே எல்லைதான். நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால்மணி நேரத்தில் மறுபடி பார்க்கவேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995.

இனி என்ன எழுதலாம்? என் கணக்கு இது. பொதுமக்களுக்கான அறிவிப்பில் 'திடீர்' நன்றாக வேலை செய்யும். திடீர் மாரடைப்பு, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். சிறுநீரகத்தில் இந்தப் பிரிவினை முக்கியமும்கூட. திடீரென்று வந்தது பலருக்குக் காரணத்தைச் சரிசெய்தால் மீளும், நாட்பட்டது அப்படி மீளாது. அந்தக் கட்டுமானத் தளத்துத் தம்பிக்கு 'திடீர் வயிற்றுப்போக்கு' என்று வந்திருந்தால் அவருக்கு வேலை மிச்சம். ஆனால் டெங்கி போல நாள்கணக்கில் விரியும் நோய்க்குத் 'திடீர்' கொஞ்சம் இறுக்கமான சட்டை. பாடநூலிலும் கலைச்சொல் பட்டியலிலும் 'கடிய' இருக்கட்டும், 'நாட்பட்ட' என்பதற்கு ஜோடியாக வரும்போது அதன் பொருள் தானாகத் தெளியும். சிவியருக்குக் 'கடுமையான' போதும். 'தீவிர' என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் சார்ஸ் 'கடுமையான கடிய சுவாச நோய்க்குறி' ஆகிறது. நாக்கு கொஞ்சம் தடுக்கும், இரண்டு அடைமொழியும் பிழைத்துக்கொள்ளும்.

அவசரப் பிரிவில் நம்மை பி1 முதல் பி4 வரை பிரிக்கிறார்களே, அந்த அளவுகோலின் ஆங்கிலப் பெயரில் உள்ள 'அக்யூட்டி' இதே வேரிலிருந்து வந்தது. இங்கே அளவும் அவசரமும் சேர்ந்தே வருகின்றன, எவ்வளவு சீக்கிரம் பார்த்தாகவேண்டும் என்பதுதான் கணக்கு. வந்த வரிசை அங்கே செல்லாது. இதற்கு 'அவசரநிலை' என்று எழுதுவதே நல்லது, கடியதும் திடீரும் ஒட்டாது.

சிங்கப்பூரில் மொழிபெயர்க்கக் கடினமானது 'அக்யூட் ஹாஸ்பிட்டல்' என்ற பெயர். பெரிய மருத்துவமனையில் இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து சில நாளில் அப்பாவைச் சமூக மருத்துவமனைக்கு மாற்றுகிறோம் என்று தாதி சொன்னதும், "இன்னும் நடக்கவே முடியலையே, அதுக்குள்ள அனுப்புறீங்களா?" என்று பிள்ளைகள் கோபப்படுவது வழக்கம். உடனே செய்யவேண்டிய வேலை முடிந்துவிட்டது, இனி மெதுவாக நடக்கப் பழக்கும் வேலை என்பதுதான் அந்த மாற்றத்தின் பொருள். 'தீவிர மருத்துவமனை' என்று எழுதினால், அங்கிருந்து அனுப்புவதை வைத்து அப்பா குணமாகிவிட்டதாக அவர்கள் சொல்கிறார்கள் என்றே தோன்றும். 'உடனடிச் சிகிச்சை மருத்துவமனை' என்று எழுதினால் அந்தக் கோபத்தில் பாதி குறையும். மீதிப் பாதி கட்டணச்சீட்டைப் பற்றியது, அதற்கு மொழிபெயர்ப்பாளரிடம் மருந்து இல்லை.