தாய்ப் பத்திரத்தைத் திருத்த முடியாத பதிவேடு

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களுக்கு நான் நடத்திவரும், லினக்ஸ் என்ற கட்டற்ற இயக்குதளம் பற்றிய வகுப்பில், குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறீர்கள். பழைய வரி ஒன்றை ஒருவன் ரகசியமாக மாற்றிவிட்டுப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? எங்கள் அப்பா பத்திரம் எழுதுபவர். ஆள்மாறாட்டமும் போலிப் பத்திரமும் எவ்வளவு எளிதாக நடக்கும் என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கும்." வகுப்பில் மீதியிருந்த நேரத்தில் இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்த மாணவியின் அப்பாவுடைய தொழிலிலேயே விடையின் பாதி இருக்கிறது என்பதால், அங்கிருந்து தொடங்கி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. கட்டற்ற மென்பொருளை யாரும் திருத்தலாம் என்பதன் பொருள், யாரும் அதன் மூலநிரலை, அதாவது அதை உருவாக்கும் நிரல் வரிகளை, படியெடுத்துத் தம் படியில் திருத்திக்கொள்ளலாம் என்பதே. அந்தத் திருத்தம் மூலக் களஞ்சியத்தில், அதாவது மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் சேமிக்கப்பட்டிருக்கும் இடத்தில், சேர வேண்டுமானால், பராமரிப்பாளர் அதைப் படித்து ஏற்க வேண்டும். ஆகவே ஊரார் அனைவரும் கிறுக்கும் சுவரைப் போன்றதன்று அது. ஆனாலும் மாணவியின் ஐயம் நியாயமானது, ஏனெனில் பராமரிப்பாளரைக் கேளாமலேயே சர்வருக்குள் புகுந்து வரியை மாற்ற ஒருவர் முயன்றது உண்மையாகவே நடந்திருக்கிறது.

2003 நவம்பரில், லினக்ஸின் மையப் பகுதியான கருவின் (கெர்னல்) மூலநிரலுக்கு இருந்த ஒரு படிக்களஞ்சியத்தில் இரண்டு வரிகள் புதிதாக முளைத்தன. பார்வைக்கு, தவறான அழைப்புகளைத் தடுக்கும் சாதாரணச் சோதனையைப் போலவே அவை இருந்தன. பயனரின் எண் சுழியமா என்று கேட்க, சி மொழியில் இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்து இட வேண்டும். அங்கே ஒரு சமக்குறிதான் இருந்தது. ஒரு சமக்குறி என்றால் கேள்வி இல்லை, கட்டளை: பயனரின் எண்ணைச் சுழியமாக ஆக்கு என்று பொருள். லினக்ஸில் சுழியம் என்பது முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனரின் எண். குறிப்பிட்ட முறையில் அந்த அழைப்பைச் செய்பவர் யாராக இருந்தாலும், அடுத்த நொடியில் அந்தக் கணினி முழுவதும் அவர் கைக்குப் போயிருக்கும். அது பிடிபட்டதற்குக் காரணம், முதன்மைக் களஞ்சியம் வேறொரு மென்பொருளில் இருந்ததும், படியில் தோன்றிய அந்த மாற்றத்துக்கு முதன்மைக் களஞ்சியத்தில் இணையான பதிவு எதுவும் இல்லாததுமே. இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டதால் திருட்டு வெளிப்பட்டது.

அந்த முதன்மைக் களஞ்சியத்தை நிர்வகித்த பிட்கீப்பர், மூலநிரல் திறக்கப்படாத, ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான மென்பொருள். லினக்ஸ் உருவாக்குநர்களுக்கு அளித்திருந்த இலவச அனுமதியை அதன் நிறுவனம் 2005இல் விலக்கிக்கொண்டபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டார்வால்ட்ஸ் தாமே ஒரு மாற்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி தொடங்கிய வேலை 7ஆம் தேதிக்குள் தன் மூலநிரலைத் தானே பதிவுசெய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அதுதான் கிட். இன்று எங்கள் வகுப்பு மாணவர்கள் முதல் உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் வரை எல்லோரும் பயன்படுத்துவது அதையே. அதன் வசதிகளை விரித்துரைக்கப் புத்தகங்கள் பல இருக்கின்றன. என்னை இத்தனை ஆண்டுகளாகக் கட்டிப்போட்டிருப்பது அதன் அடியில் உள்ள ஒரேயொரு கருத்துதான்.

நிலப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மனையை வாங்கும்போது எழுதப்படும் கிரயப் பத்திரத்தில், விற்பவருக்கு அந்த மனை எப்படி வந்தது என்பதற்குச் சான்றாகத் தாய்ப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் குறிக்கப்படும். அந்தத் தாய்ப் பத்திரம் அதற்கு முந்தைய பத்திரத்தைக் குறிக்கும். இப்படியே பின்னோக்கிப் போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு பலவீனம் உண்டு. பத்திர எண் என்பது பதிவு அலுவலகத்தில் வரிசைப்படி இடப்படும் எண். அதற்கும் பத்திரத்தின் உள்ளே எழுதியிருக்கும் வாசகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உள்ளே 30 சென்ட் என்பதை 80 சென்ட் என்று ஒருவர் திருத்திவிட்டாலும் எண் அப்படியே இருக்கும். பத்திரத்தின் எண் அதன் வாசகத்திலிருந்தே பிறந்தால் எப்படி இருக்கும்? ஒரு புள்ளி மாறினாலும் எண்ணே மாறிவிடும் என்றால்? கிட் செய்வது அதைத்தான்.

கிட் ஒரு கோப்பைப் பதிவுசெய்யும்போது, அதன் உள்ளடக்கத்தை ஷா-1 என்ற கணக்கீட்டு முறைக்குள் செலுத்துகிறது. அந்தக் கணக்கீடு உள்ளடக்கத்தை 64 பைட் அளவுள்ள துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. பிறகு ஐந்து எண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் 80 சுற்றுகள், அந்த எண்களைச் சுழற்றி, கூட்டி, கலந்து, இடம் மாற்றி, மீண்டும் கலக்கிறது. ஆம்பூர்ச் சாலையில் இரவுக் கடைகளில் பரோட்டா மாவை வீசி, மடித்து, சுருட்டி, மீண்டும் தட்டுவதைப் பார்த்திருப்பவர்கள் இதை எளிதில் மனத்தில் கொண்டுவரலாம். மாவில் ஓரிடத்தில் விழுந்த ஒரு துளி எண்ணெய், சில மடிப்புகளுக்குள் எல்லா அடுக்கிலும் பரவிவிடுகிறது. பரோட்டாவிலிருந்து மாவையும் எண்ணெயையும் தனித்தனியே மீட்க முடியாததைப் போல, முடிவில் கிடைக்கும் எண்ணிலிருந்து கோப்பை மீட்க இயலாது. முடிவாகக் கிடைப்பது 160 பிட் நீளமுள்ள ஓர் எண். 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகளைக் கொண்ட பதினாறடிமான முறையில் எழுதினால் 40 எழுத்து. இதை அந்தக் கோப்பின் கைரேகை என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

கோப்பு ஒரு வரியாக இருந்தாலும் ஒரு லட்சம் வரியாக இருந்தாலும் கைரேகை 40 எழுத்துதான். ஒரேயொரு எழுத்தை மாற்றினால், 160 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும்; 40 எழுத்துகளில் சராசரியாக இரண்டு மூன்று மட்டுமே தற்செயலாகப் பழைய இடத்தில் பழையபடி நிற்கும். எதுவுமே எழுதாத வெற்றுக் கோப்புக்குக்கூட கிட் ஒரு கைரேகை தருகிறது; அது இ69டிஇ29 என்று தொடங்கும். வேலூரில் ஒரு மாணவர் உருவாக்கும் வெற்றுக் கோப்புக்கும், பின்லாந்தில் ஒருவர் உருவாக்கும் வெற்றுக் கோப்புக்கும் அதே இ69டிஇ29தான். எந்த அலுவலகமும் அந்த எண்ணை ஒதுக்கித் தரவில்லை. உள்ளடக்கம் ஒன்றானால் எண்ணும் ஒன்று, அவ்வளவே. முதல் நாள் இதைச் செய்துகாட்டும்போது மாணவர்கள் தங்கள் திரையையும் பக்கத்துத் திரையையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நொடி ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

இனிச் சங்கிலி. ஓர் அடைவில் (ஃபோல்டர்) உள்ள கோப்புகளின் பெயர்களையும் அவற்றின் கைரேகைகளையும் ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலுக்கும் ஒரு கைரேகை எடுக்கிறது கிட். பிறகு அந்தப் பட்டியலின் கைரேகை, எழுதியவர் பெயர், நேரம், என்ன மாற்றினோம் என்ற குறிப்பு, இவற்றோடு முந்தைய பதிவின் கைரேகை, அதாவது தாய்ப் பத்திரத்தின் எண், ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிறு வாசகமாக்கி, அதற்கும் கைரேகை எடுக்கிறது. இதைத்தான் கமிட் என்கிறோம். தாயின் கைரேகை மகளின் வாசகத்துக்குள் இருப்பதால், தாயில் ஒரு புள்ளி மாறினால் மகளின் கைரேகை மாறும். மகள் மாறினால் பேத்தி மாறுவாள். இன்றைய கடைசிக் கமிட் வரை எதுவும் பழையபடி நிற்காது. ஆகவே கடைசிக் கமிட்டின் 40 எழுத்துகளை மட்டும் ஒருவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும். அதற்குப் பின்னால் இருக்கும் முழு வரலாற்றுக்கும் அது சாட்சி.

இதை வகுப்பில் சோதித்தோம். பன்னிரண்டு கமிட்டுகள் உள்ள ஒரு சிறு களஞ்சியத்தின் இரண்டு படிகளை மாணவர்களிடம் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் மூன்றாவது கமிட்டில் ஒரு காற்புள்ளியை முன்னதாகவே நீக்கியிருந்தேன். கேள்வி கேட்ட மாணவி இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். முதல் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தன. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "எங்கே கை வைத்தார்கள் என்றே காட்டிக் கொடுத்துவிடுகிறதே, ஐயா" என்றார்.

நம் வடாற்காட்டு மண்ணில், அரக்கோணம் பக்கத்து வேலூர்ப்பாளையத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அத்தகைய செப்பேடுகளை வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் மூடுவார்கள். முத்திரையை உடைக்காமல் இடையில் ஓர் ஏட்டைச் செருக முடியாது. அக்காலத்தின் மிகச் சிறந்த பாதுகாப்பு அது. ஆனால் முத்திரை அரசனிடம் இருந்தது. கிட்டில் முத்திரையைச் சரிபார்க்கும் வல்லமை, படி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. லினக்ஸ் கருவின் மூலநிரலை விநியோகிக்கும் சர்வர்களுக்குள் 2011 ஆகஸ்டில் அன்னியர் புகுந்தது தெரியவந்தபோது, இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கியது. ஏறத்தாழ 40,000 கோப்புகளில் எதையேனும் அவர்கள் மாற்றியிருந்தால், உலகெங்கும் ஆயிரக்கணக்கான உருவாக்குநர்களின் கணினிகளில் இருந்த படிகளோடு கைரேகை முரண்பட்டிருக்கும்.

ஷா-1 குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நகரின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் சேர்ந்து, வெவ்வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே கைரேகை வரும்படி செய்துகாட்டின. 9ஐ அடுத்து 18 சுழியங்கள் இட்ட அளவுக்குக் கணக்கீடுகள் அதற்குத் தேவைப்பட்டன. இரண்டு கோப்புகளையும் அவர்களே தேர்ந்து உருவாக்கவும் வேண்டியிருந்தது. முன்பே இருக்கும் ஒரு கோப்புக்குப் போலி செய்வது இதைவிடப் பன்மடங்கு கடினம். அதே ஆண்டில் கிட், அத்தகைய தாக்குதலை அடையாளம் காணும் ஷா-1 வடிவத்துக்கு மாறியது. இன்னும் வலிய ஷா-256 முறைக்கும் வழி திறந்திருக்கிறது.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மூலநிரலை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று நம் அலுவலகங்களில் இன்றும் பலர் நம்புகிறார்கள். புதிய வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் விபத்து நேராது என்ற நம்பிக்கைக்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை. ஒரு மறையீட்டு முறையின் வலிமை, முறையை மறைப்பதில் இருக்கக் கூடாது, திறவுகோலை மறைப்பதில் மட்டுமே இருக்க வேண்டும் என்று மறையீட்டு அறிஞர் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். மறைத்தவற்றைத் திருடர்கள் எப்படியும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். மறைப்பதால் பார்வையை இழப்பவர்கள் நல்லவர்கள் மட்டுமே.

ஆனால் கைரேகைச் சங்கிலி ஒன்றைச் செய்யாது. எழுதப்பட்டது மாறவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எழுதியவர் நல்லவர் என்பதற்குச் சாட்சியன்று. முறையாகப் பதிவுசெய்யப்பட்ட பத்திரத்தின் வாசகமே மோசடியாக இருக்கலாம் அல்லவா? 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது அத்தகைய மோசடிதான். அப்போது மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய 0.3 நொடிக்குப் பதிலாக 0.8 நொடி ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை அவர் அலட்சியப்படுத்தவில்லை. துருவிக்கொண்டே போனபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு புழக்கடைக் கதவு, அதாவது அனுமதியின்றி உள்ளே நுழையும் ரகசிய வழி, வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக உதவி, நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டிருந்தார்.

அவர் கையாண்ட உத்தி, மேலே சொன்ன இயக்கத்தை அவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது. நச்சு நிரலைச் சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் சுருக்கி, கிட் களஞ்சியத்திலேயே வைத்துவிட்டார். திறந்து பார்த்தாலும் பொருளற்ற பைட்டுகளாகவே அவை தெரியும். அவற்றை உயிர்ப்பிக்கும் வரியை மட்டும் களஞ்சியத்தில் வைக்கவில்லை. விநியோகத்துக்காக எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் தனியே கட்டித் தரும் டார் பொதிக்குள் வைத்தார். அத்தகைய பொதிகளில், களஞ்சியத்தில் இல்லாத, கருவிகளால் உருவாக்கப்பட்ட கோப்புகள் சில இருப்பது வழக்கம் என்பதால் யாரும் ஒப்பிடவில்லை. பதிவேட்டில் அந்த வரி இல்லை. கைக்கு வந்த நகலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது.

அந்த மென்பொருளை அதற்கு முன் நெடுங்காலம் ஒருவரே, சம்பளமில்லாமல், மனம் சோர்ந்த நிலையில் பராமரித்து வந்தார் என்பதை நான் மறக்கவே முடியவில்லை. உலகின் பெருநிறுவனங்களின் சர்வர்களில் எல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோதும் இதே கதைதான்: இணைய வணிகத்தின் பூட்டாக இருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. நடுவணரசு 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. பங்கு வர்த்தகச் சேவை தரும் செரோதா நிறுவனம் 2024இல் இத்தகைய திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் பயன்படுத்த முன்னுரிமை தருவது வேறு, பராமரிப்பவருக்குச் சோறு போடுவது வேறு. வடாற்காட்டில் ஏரிக்குக் கரை காப்பவருக்கும் மடை திறப்பவருக்கும் விளைச்சலில் பங்கு கொடுத்த பழக்கம் இருந்தது. பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டில் ஒரே மாதிரியான புராஜெக்ட்டுகளை மீண்டும் மீண்டும் செய்யவைப்பதற்குப் பதிலாக, ஒரு பழைய கட்டற்ற மென்பொருளை ஓராண்டு பராமரித்தால் மதிப்பெண் என்று வைத்தால், இந்தச் சுமையில் ஒரு பங்கை நம் பிள்ளைகள் சுமக்க முடியும்.

வரும் ஞாயிறு வகுப்பில், ஒரு மென்பொருளின் டார் பொதியை விரித்து, அதே பதிப்பின் கிட் களஞ்சியத்தோடு, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கட்டளையால் வரி வரியாக ஒப்பிடப் போகிறோம். களஞ்சியத்தில் இல்லாத ஒவ்வொரு கோப்பையும் எந்தக் கருவி உருவாக்கியது என்று மாணவர்கள் எழுதித் தர வேண்டும். குடியாத்தத்து மாணவி முன்கூட்டியே தொடங்கிவிட்டார். வில்லங்கச் சான்று பார்ப்பதற்கு அப்பா வைத்திருக்கும் நீளவாக்குக் குறிப்பேட்டைப் போலவே ஒன்றில் கோடு போட்டு, இடப்பக்கம் களஞ்சியம், வலப்பக்கம் பொதி என்று தலைப்பிட்டு வைத்திருக்கிறார்.