பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டை

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா மகனை எங்கள் மனநல கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். முப்பது வயது, ஆறு வருடமாக தீவிர மனநோய்க்கான குளோசபின் குளிசை. "இப்ப குரலொண்டும் கேக்கல்லயாம் டொக்டர், நல்லா நித்திரை கொள்றான்" என்றார். எனக்கு மகனின் பெல்ட்டில் கண் போனது. கடைசி ஓட்டையும் போதாமல், நுனியில் ஆணியால் இன்னொன்று குத்தியிருந்தார்கள்.

நிறுத்துப் பார்த்தால் 94 கிலோ. வெறும் வயிற்றில் சீனி 190. கிளினிக் கொப்பியைப் புரட்டினேன்: பக்கம் பக்கமாக "நலம், அதே மருந்து". நிறை ஓர் இடத்திலும் இல்லை. அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தியே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, நீரிழிவு, சுவாச நோய் போன்றவைதான். குளோசபின், ஒலான்சபின் போன்ற மனநோய்க் குளிசைகள் பசியைக் கிளப்பும். சீனியையும் கொழுப்பையும் ஏற்றும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வருத்தம் திரும்பிவிடும். நிறை, இடுப்பளவு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் மருந்து தொடங்கும்போதும், மூன்றாம் மாதத்திலும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

குளோசபின் போடுபவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: மலம் ஒழுங்காகப் போகிறதா? நோயை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்துவிடுமோ என்று முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தம் எடுக்கிறோம். குடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மருந்து குடலை மந்தமாக்கும், சிலருக்கு அடைத்தே விடும். மூன்று நாள் போகாமல் வயிறு ஊதி, சத்தியும் வந்தால் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள் வயல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றாலோ, உடம்பு நோவுக்கு பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போட்டாலோ மருந்து இரத்தத்தில் கூடிவிடும். கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால் உடனே காட்டுங்கள்.

ஓபிடியில் கொப்பியை நீட்டியதும் "மன வருத்தக்காரரோ?" என்று கேட்டு, நெஞ்சு நோவென்று வந்தவரை எங்களிடமே திருப்பி அனுப்பிய கதைகளும் உண்டு. அதனால் வீட்டாருக்கு நான் சொல்வது: முதலில் நோவைச் சொல்லுங்கள். எங்கே, எப்போதிருந்து என்று சொல்லுங்கள். அப்புறம் கொப்பியைக் கொடுங்கள்.

அந்த மகன் பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போடுபவர். இப்போது ஒன்று. பின்னேரங்களில் அம்மாவோடு கடற்கரைக்கு நடக்கிறார். போன கிளினிக்கில் நான் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். 3 கிலோ குறைவு. பெல்ட் இன்னும் அந்த ஆணி ஓட்டையில்தான்.