‘ஃபிராங்க்’: யாருக்கு இலவசம்?

வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அனுப்பும் கடித உறைகளில் அஞ்சல் தலை இருக்காது. தொகையும் தேதியும் பொறித்த சிவப்பு முத்திரை ஒன்றே இருக்கும். அதைப் பதிக்கும் கருவியின் பெயர் ஃபிராங்கிங் இயந்திரம். ‘ஃபிராங்க்’ என்னும் சொல் ஆங்கிலேயரின் அஞ்சல் வழக்கில் நுழைந்தபோது அதற்குக் ‘கட்டணம் இல்லை’ என்று பொருள். இன்றோ அதே சொல் ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்பதற்கு அடையாளமாக நிற்கிறது. சொல் தலைகீழாகப் புரண்டுவிட்டதாகத் தோன்றினாலும், அது தொடக்கம் முதல் ஒரே இடத்தில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இன்றைய பிரான்ஸ் நிலப்பகுதியைக் கைப்பற்றி ஆண்டபோது, முழு உரிமையும் அவர்களுக்கே இருந்ததால், அந்த இனப்பெயரே ‘கட்டற்றவர்’ என்ற பொருளைப் பெற்றது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், தங்குதடையின்றி மனத்தில் உள்ளதைப் பேசுகிறவரையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் கடிதத்தைக் கட்டணத்திலிருந்து விடுவிக்கும் செயலுக்கும் பெயராயிற்று.

அந்த விடுதலையின் மதிப்பை உணர அக்காலப் பிரிட்டனின் கட்டண முறையை அறிய வேண்டும். கடிதத்துக்கு எடை பார்ப்பதைவிட, அது எத்தனை தாள், எவ்வளவு தொலைவு செல்கிறது என்றே கணக்கிட்டார்கள். 1830களில் இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் செல்ல 1 ஷில்லிங் 1½ பென்னி ஆயிற்று (1 ஷில்லிங் என்பது 12 பென்னி). இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால், கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். இவ்வளவு பணத்தையும் பெரும்பாலும் கொடுத்தவர் கடிதத்தைப் பெறுபவரே. நம் ஊரில் ‘நாட் பெய்டு’ தபாலுக்கு அபராதம் கட்டி வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வேதனை எளிதில் விளங்கும். அங்கே அதுவே பொது வழக்கம்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலிருந்தே விலக்கு இருந்தது. உறுப்பினர் வெளிப்பக்கத்தில் கையெழுத்திட்டால் போதும். கடிதம் இலவசமாகச் சேரும். எழுதாத தாள்களில் கையெழுத்திட்டு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் பரிசாக வழங்கும் பழக்கம் பரவியதில் வியப்பில்லை. கள்ளக் கையெழுத்தும் பெருகியது. முகவரி முழுவதையும் உறுப்பினரே தம் கையால் எழுத வேண்டும் என்று 1764ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தேதியையும் அஞ்சலில் சேர்க்கும் ஊரையும் எழுத வேண்டும் என்று 1784இல் சேர்த்தார்கள்; நாளொன்றுக்கு அனுப்புவது 10, பெறுவது 15 என்று 1795இல் வரம்பிட்டார்கள். ஓட்டையை அடைக்க அடைக்கப் புதிய ஓட்டை திறந்தது என்பதற்கு இந்த ஆண்டு வரிசையே சான்று.

ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி ரோலண்ட் ஹில் 1837இல் முன்வைத்த சீர்திருத்தம் நோயின் வேரைத் தொட்டது: தொலைவு எதுவானாலும் அரை அவுன்ஸ் வரை ஒரே கட்டணம், 1 பென்னி, அதையும் அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்தலாம். 1840 ஜனவரி 10 அன்று இது நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களின் சலுகையும் அன்றே ஒழிந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் முதலாவது அஞ்சல் தலை வெளிவந்தது. 1839இல் சுமார் 7.6 கோடியாக இருந்த கடிதங்கள், 1840இல் சுமார் 16.9 கோடியாயின.

சலுகை போன பின்னும் சொல் ஏன் பிழைத்தது? வீட்டு வாசலில் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். உறுப்பினர் கையெழுத்திட்ட கடிதம் வந்தாலும், அஞ்சல் தலை ஒட்டிய கடிதம் வந்தாலும், பெறுபவர் காசு எடுக்க வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு இரண்டும் ‘ஃபிராங்க்’ தான். பிரெஞ்சுக்காரர்கள் தலை ஒட்டுவதை ‘அஃபிரான்ஷீர்’, அதாவது விடுவித்தல், என்கிறார்கள்; ஜெர்மானியர் ‘ஃபிராங்கீரன்’ என்கிறார்கள். அஞ்சல் தலை சேகரிப்புக்கு 1864இல் பெயர் தேடிய பிரெஞ்சுச் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹெர்பேனும் ‘வரியின்மை’ என்னும் கிரேக்கச் சொல்லை எடுத்தே ‘ஃபிலாடெலி’ என்ற பெயரை அமைத்தார். 20ஆம் நூற்றாண்டில் வந்த இயந்திரம், முன்பணத்தைக் கணக்கில் வைத்து ஒவ்வொரு முத்திரைக்கும் கழித்துக்கொண்டாலும், பழைய பெயரையே சூடிக்கொண்டது.

பழைய வடிவம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்கு எழுதும் அலுவல் கடிதங்களில், தலை இருக்க வேண்டிய மூலையில் இன்றும் அவர்களுடைய கையெழுத்து அச்சாகியிருக்கிறது. பெறுபவருக்குச் செலவில்லை, அஞ்சல் துறைக்கு உரிய தொகையை அரசு ஒதுக்கீட்டிலிருந்து நாடாளுமன்றம் செலுத்திவிடுகிறது.