தாய்க்குச் சர்க்கரை அதிகம், பிள்ளைக்கு ஏன் குறைவு?

"மகளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை கூடுதல் என்றார்கள். பேரன் பிறந்ததும் குதிகாலில் குத்திப் பார்த்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்கிறார்கள். எதை நம்புவது?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம். முதலாவதால்தான் இரண்டாவது வந்தது.

நச்சுக்கொடி குளுக்கோஸைக் கருவுக்கு விடும். தாயின் இன்சுலினை விடாது. ஆக, வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கும் பொறுப்பு கருவின் கணையத்தின் தலையில் விழுகிறது. அதுவும் சளைக்காமல் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்குமே முதல் இரண்டு மணி நேரத்தில் அளவு இறங்கத்தான் செய்யும். வழக்கமாக இன்சுலின் தணியும், சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரினலினும் எழும், கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்து, கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் குளுக்கோஸ் கொடுக்கும். கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களையும் மூளை எரித்துக்கொள்ளும்.

இந்தப் பிள்ளையின் கணையமோ பழைய வேகத்திலேயே ஓடுகிறது. இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு விடுவதில்லை. கிளைக்கோஜன் உடைவதையும் தடுக்கிறது, கொழுப்பு கரைவதையும் தடுக்கிறது. கல்லீரல் நிறைய சரக்கு, தோலடியில் மடிப்பு மடிப்பாகக் கொழுப்பு, இரண்டுக்கும் பூட்டு. உறவினர்கள் திருஷ்டி கழிக்கும் அந்தக் கொழுகொழு பிள்ளையின் மூளைதான் பட்டினி கிடக்கிறது!

அதனால்தான் முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். சேனை வைப்பதும் சர்க்கரைதானே என்று பாட்டிகள் கேட்பார்கள். அளவும் சுத்தமும் இல்லாத சர்க்கரைத் தண்ணீர் அது. தேனென்றால் நரம்புகளை முடக்கும் பாட்டுலிசக் கிருமி வரும் அபாயமும் உண்டு.

நியூசிலாந்தில் ஜேன் ஹார்டிங் குழுவினர் 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) ஜெல்லை, சர்க்கரை இறங்கிய பிள்ளைகளின் கன்னத்தின் உட்புறம் தடவிப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை இல்லாத வெறும் ஜெல் தடவிய பிள்ளைகளில் 24 சதவீதத்தினருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லில் அது 14 சதவீதம். இத்தனை மலிவான மருந்தைச் சோதிக்க எந்த நிறுவனம் முதல் போடும்? இதற்கெல்லாம் அரசுப் பணம்தான் வேண்டும்.

பேரனின் கணையம் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மகளை மறந்துவிடாதீர்கள்: பிரசவமான ஆறாவது வார வாக்கில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து மறுபடி பரிசோதிக்க வேண்டியவர் அவர்தான்.