ஸ்லைடைப் படிக்கும்போது காது எங்கே போகிறது?

ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டு எனக்குப் பேச்சே வரவில்லை. நான் தயாரித்து வைத்திருந்த ஸ்லைடுகளைக் கொண்டு நண்பர் ஒருவர் எனக்குப் பதிலாகப் பேசினார். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் ஸ்லைடு திரையில் விழுந்தது. ஒன்பது வரி. அவர் பேச ஆரம்பித்தார், நான் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது வரியில் இருக்கும்போது முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நண்பர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். என் காதில் விழவே இல்லை. மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. இத்தனைக்கும் அந்த ஒன்பது வரியையும் எழுதியது நானே. தெரியாத சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. அப்படியும் கண் அதை விட்டு நகரவில்லை.

அன்று என்மேலேயே வந்த எரிச்சலில் தேடிப் படித்த விஷயங்கள்தான் இவை. ஸ்லைடு தயாரிப்பது பற்றி ‘இத்தனை வரி போடு, இந்த நிறம் போடாதே’ என்று நிறைய கட்டளைகள் உலவுகின்றன. அவற்றில் பாதி சரி, மீதி வெறும் வழக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் காதும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் எது எந்தப் பாதி என்று தெரிந்துவிடும்.

1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். ‘சிவப்பு’ என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைக் கண்டுகொள்ளாமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். வெறும் வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்வதைவிட இதற்கு மிக அதிக நேரம் பிடித்தது. சொல் குறுக்கே வந்து விழுந்துகொண்டே இருந்தது. எழுத்து பழகியவருக்குக் கண்ணெதிரே இருக்கும் சொல்லைப் படிப்பது தும்மல் மாதிரி. வேண்டாம் என்று நினைத்து நிறுத்த முடியாது. ஆகவே, திரையில் ஒரு பத்தியைப் போட்டுவிட்டு ‘இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம், இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்’ என்று கேட்டுக்கொள்வதில் பயனில்லை.

சரி, கண் படிக்கட்டும். காது தன்பாட்டுக்குக் கேட்கலாமே? இரண்டும் வேறு வேறு உறுப்புதானே? இங்கேதான் சிக்கல். எழுத்து கண் வழியாக நுழைந்தாலும் உள்ளே போனதும் ஒலியாக மாறுகிறது. வாய் அசையாமல் படிக்கும்போதுகூட உள்ளே ஒரு குரல் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இருவர் 1974இல் முன்வைத்த மாதிரியின்படி, அந்தந்த நொடியில் கையாளும் விஷயங்களைத் தாங்கிப்பிடிக்கும் நம் செயல் நினைவில் இரண்டு தனித்தனிச் சேமிப்புகள் உண்டு. ஒன்று சொல்லுக்கும் ஒலிக்கும். மற்றது படத்துக்கும் இடத்துக்கும். பேச்சாளர் சொல்லும் சொல்லும் திரையில் நீங்கள் படிக்கும் சொல்லும் போய்ச் சேருவது ஒரே சேமிப்புக்குத்தான். வாசல் இரண்டு, அறை ஒன்று, அதுவும் சின்ன அறை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சொல்லை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, பழக்கமில்லாத சொற்களின் பட்டியல் ஒன்றை வாசித்து மனதில் நிறுத்தப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். உள்குரலுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டீர்கள் அல்லவா, அதனால்தான்.

அப்படியென்றால் ஸ்லைடில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டால் முரண் இருக்காதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வேகம் ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்தில் அளந்து பார்த்ததில், மௌனமாகப் படிப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 240 சொற்கள் போகிறார். பேச்சு 150க்குப் பக்கத்தில்தான் ஊர்கிறது. நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர் நான்காவதில் இருப்பார். ஒரே பாட்டை இரண்டு ரேடியோவில் சில நொடி இடைவெளியோடு வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் இதையே கற்பித்தலில் வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். அசையும் படத்தோடு குரல் விளக்கம் மட்டும் பெற்றவர்கள், அதே படம், அதே குரல், அதோடு கீழே அதே சொற்கள் எழுத்திலும் ஓடப் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கூடுதலாகக் கொடுத்தது குறைத்துவிட்டது. இதற்கு விலக்கும் உண்டு. படத்தின் அருகிலேயே இரண்டு மூன்று சொற்களில் ஒரு பெயர் எழுதினால் அது உதவவே செய்தது. கேட்பவருக்கு அந்த மொழி தாய்மொழி இல்லை என்றாலும் எழுத்து கைகொடுக்கும். ஆகவே ‘ஸ்லைடில் எழுத்தே கூடாது’ என்று கிளம்புகிறவர்களை நான் நம்புவதில்லை.

அதேபோல ‘ஸ்லைடுக்கு ஏழு வரி, வரிக்கு ஏழு சொல்’ என்ற விதியையும் நம்புவதில்லை. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் ‘ஏழு, இரண்டு கூடவோ குறையவோ’ என்று எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் நிழல் இதன்மேல் விழுந்திருக்கிறது. அந்தக் கட்டுரையின் நினைவுப் பகுதி பேசுவது வேறு: எண்களையோ சொற்களையோ ஒருமுறை கேட்டு உடனே திருப்பிச் சொல்லும்போது எத்தனை நிற்கும் என்பது. திரையில் கண்ணெதிரே இருப்பதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தவிர, நெல்சன் கோவன் 2001இல் அந்த அளவே நாலுக்குப் பக்கத்தில்தான் என்று வாதிட்டார். ஏழேழு நாற்பத்தொன்பது சொல் திரையில் இருந்தால், அத்தனையையும் படித்து முடிக்கும்வரை பேச்சாளர் சுவரோடு பேச வேண்டியதுதான்.

அடுத்து எழுத்தின் அளவு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, கணக்கு இருக்கிறது. நல்ல பார்வை உள்ள ஒருவர் அடையாளம் காணக்கூடிய மிகச்சிறிய எழுத்து, கண்ணில் 5 கோண நிமிடம் அளவு விழ வேண்டும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒன்று ஒரு கோண நிமிடம். ஆனால் அது கண் மருத்துவரின் அட்டையில் தட்டுத் தடுமாறிச் சொல்லும் அளவு. சிரமமில்லாமல் படிக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இப்போது 1.5 மீட்டர் உயரமுள்ள திரையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அகல ஸ்லைடின் உயரம் 540 பாயிண்ட். அதில் 12 பாயிண்ட் ஃபாண்ட்டில் எழுதினால், எழுத்தின் உடல் பாகம் (ஃபாண்ட் அளவில் ஏறக்குறைய பாதிதான் அது) திரையில் சுமார் 1.7 சென்டிமீட்டர் வரும். 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது 5 கோண நிமிடத்தைக்கூடத் தொடாது. 18 பாயிண்ட் போட்டால் 7. ஓரளவு நிம்மதியாகப் படிக்க 30 பாயிண்டுக்கு மேல் போக வேண்டும். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினால் நல்லது; ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு சுழி, தூரத்தில் முதலில் கரைவது அந்தச் சுழிதான்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. மேலே சொன்ன கடைசி வரிசை, திரையின் உயரத்தைப்போல் எட்டு மடங்கு தள்ளி இருக்கிறது. லேப்டாப் திரையின் உயரம் சுமார் 18 சென்டிமீட்டர். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஒன்றரை மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் அவருக்கும் தெரியும். ‘இது கொஞ்சம் பொடியாக இருக்கும், மன்னிக்கவும்’ என்று மேடையில் சொல்கிறவர்கள் ஏன் அந்த ஸ்லைடைப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த நிறம் திரையில் வெளிறிப்போவதற்கும் காரணம் எளிது. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அது அனுப்புவது வெளிச்சம் மட்டுமே. கறுப்பு என்று நாம் பார்ப்பது, வெளிச்சம் விழாத வெள்ளைத் திரை. அறையில் விளக்கு எரிந்தால் அந்த வெளிச்சம் ஸ்லைடின் எல்லா இடத்திலும் சமமாக ஏறி உட்காருகிறது. வெள்ளைப் பின்னணியின் ஒளி 100, அதன்மேல் சாம்பல் எழுத்தின் ஒளி 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் விகிதம் கிட்டத்தட்ட 6.7க்கு 1. அறை விளக்கு 20 சேர்த்தால் 120க்கு 35, அதாவது 3.4க்கு 1. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிமுறை சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்தபட்சமே 4.5க்கு 1. மென்மையான சாம்பல், இளநீலம், வெளிர்மஞ்சள் எல்லாம் காணாமல் போவது இப்படித்தான். சிவப்பையும் பச்சையையும் மட்டுமே வைத்து ‘நல்லது, கெட்டது’ காட்டுவதும் வேண்டாம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் குறை உண்டு; மற்ற மக்களிடம் விகிதம் குறைவாக இருந்தாலும் இல்லாமல் இல்லை.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் காட்டியபடி, ஒரே கோட்டில் வைத்த நீளங்களை ஒப்பிடுவதில் நாம் கெட்டி. கோணத்தையும் பரப்பையும் மதிப்பிடுவதில் சுமார். பை சார்ட் இரண்டாவது வகை. அதை முப்பரிமாணத்தில் சாய்த்துவிட்டால் முன்பக்கத் துண்டு அதன் தடிமனும் சேர்ந்து பெரிதாகத் தெரியும், எண் என்னவாக இருந்தாலும் சரி. பார் சார்ட் போட்டுவிட்டுப் போகலாம்.

புல்லட் பாயிண்டுகளிடம் எனக்குள்ள பெரிய புகார் வேறு. ஒரு வாக்கியத்தைப் புல்லட்டாக வெட்டும்போது முதலில் உதிர்வது ‘ஆனால்’, ‘அதனால்’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புகள். தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்பதால் அதுவும் கூடவே போய்விடும். ‘செலவுக் கட்டுப்பாடு, தர மேம்பாடு’ என்று வரிகள் நிற்கும். யார் எதைச் செய்தார்கள், செய்யப்போகிறார்கள், எது எதற்குக் காரணம் என்று ஒன்றும் தெரியாது.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே, சேதம் எப்படி இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்று எண்ணவைக்கும் விதத்தில் இருந்தது. அதன்கீழ் படிப்படியாக உள்ளே தள்ளிய புல்லட்டுகள். கடைசி வரியில், அடியிலும் அடியில், ஓர் ஒப்பீடு: துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. மேலே சொன்ன தரவு இந்த மோதலுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் அதன் அர்த்தம். பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள்.

ஸ்லைடால் விபத்து நடந்தது என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் தகவல்களைக் காட்சிப்படுத்துவதை ஆராயும் எட்வர்ட் டஃப்டி அந்த ஒரு ஸ்லைடைப் பிரித்துக் காட்டிய ஆய்வை விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஒரு மூத்த அதிகாரி அதைப் படித்துவிட்டு, உயிராபத்தைப் பற்றிய விஷயம் இது என்று உணராமல் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு என்று எழுதியது. 640 மடங்கு என்பதைத் தலைப்பிலேயே முழு வாக்கியமாக எழுதியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அனிமேஷனைப் பற்றி ஒரே வரி: கண்ணின் ஓரப் பார்வை அசைவுக்கென்றே விழித்திருப்பது, எனவே எது சுழல்கிறதோ கவனம் அங்கே போகும், நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு.

இத்தனையும் தெரிந்த பிறகும் என்னைக் குடைந்தது, தயாரித்தபோது எனக்கு ஏன் இதெல்லாம் தெரியவில்லை என்பது. எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் 1990இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடத்தினார். பிரபலமான பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடிபட்டது மூன்று. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்குக் கிடைப்பது டொக் டொக். ஸ்லைடைத் தயாரிக்கும்போது நம் தலைக்குள் முழுப் பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு அந்த ஒன்பது வரி ஸ்லைடை உடைத்து, ஒரு படமும் நாலு சொல்லும் மட்டும் வைத்தேன். கட்டாயம் படிக்க வேண்டிய இடம் வந்தால், போட்டுவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொள்வது என்று முடிவு. பேசும் இடத்தில் கீபோர்டில் ‘பி’ எழுத்தைத் தட்டினால் பவர்பாயிண்ட் திரையைக் கறுப்பாக்கிவிடும், அதையும் பழகிக்கொண்டேன். நண்பரிடம் காட்டியபோது அவர் முகம் மாறியது. “இதைப் பார்த்து நான் என்னத்தைப் பேசறது?” என்றார். அந்த ஒன்பது வரிகளும் யாருக்காக அங்கே இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்லைடுக்குக் கீழே குறிப்பு எழுதும் பெட்டியைத் திறந்து, பழைய வரிகள் அத்தனையையும் அதில் ஒட்டிக் கொடுத்தேன்.