அந்தரத்தில் எதை உந்தித் திரும்பினார்?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தியபின் காந்தி சிலையை ஒட்டி நடந்த ஒரு சாகச நாடகத்தைப் பார்த்துவிட்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எனக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். அணுவுக்குள் நடப்பதை வசனமின்றி உடலாலேயே காட்டிய அந்நாடகத்தில், எலக்ட்ரானாக வந்த பெண் இருவரின் தோள்மீதிருந்து எழும்பிக் குட்டிக்கரணம் அடித்தார். அதன் நடுவிலேயே பம்பரம்போல் ஒரு சுற்றும் சுற்றி இறங்கினார். எதையும் தொடாத நிலையில் அவர் எதை உந்தித் திரும்பினார் என்பதே கேள்வி. (எலக்ட்ரானின் தற்சுழற்சி உண்மையில் பம்பரச் சுழற்சி அன்று, மேடைக்காக அதை மன்னித்துவிடலாம்.)

வெளியிலிருந்து திருப்புவிசை இல்லாதவரை கோண உந்தம், அதாவது ஒரு பொருளிடமுள்ள சுழற்சியின் அளவு, மாறாது என்பதும், கைகால்களைக் குறுக்கினால் சுழற்சி விரைவுபடும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. தோளை விட்டு எழும்பும்போதே உடலை முறுக்கிக்கொள்வோரும் உண்டு. ஆனால் அன்று நானும் அக்கூட்டத்தில் நின்றிருந்தேன். அவர் முறுக்கின்றி நேராகத்தான் எழும்பினார். பக்கவாட்டில் விரித்திருந்த கைகளில் வலக்கை காதோரம் உயர்ந்ததும், இடக்கை தொடையை நோக்கி இறங்கியதும் கால்கள் தோளை விட்ட பிறகே.

சூட்சுமம் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது. இரு கைகளும் ஒரே திசையில் சுழல்வதால், கணக்கை ஈடுகட்ட உடல் எதிர்த்திசையில் சற்றே சாய்ந்தாக வேண்டும். குட்டிக்கரணத்தின் கோண உந்தமோ, எழும்பும்போது அவருடைய ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு ஓடிய அதே கிடைக்கோட்டில் அசையாமல் நிற்கிறது. உடல் சாய்ந்துவிட்டதால் தலைமுதல் கால்வரை செல்லும் அச்சு அக்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லை. எனவே உந்தத்தின் ஒரு சிறு பங்கு அந்த அச்சின்மீது விழுகிறது. பங்கு சிறிதுதான். ஆயினும் அந்த அச்சைச் சுற்றி மனித உடல் மெலிந்தது. அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, நீட்டிய உடல் கரணமடிக்கும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே 5 டிகிரி சாய்ந்தாலே ஒரு குட்டிக்கரணத்துக்குள் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று கிடைத்துவிடுகிறது. அவர் எதையும் உந்தவில்லை. கரணத்தின் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார். சுற்று முடிந்ததும் கைகளைப் பழையபடி விரித்தால் சாய்வு நேராகும், பம்பரமும் நின்றுவிடும்.

தலைகீழாக விட்டாலும் திரும்பிக் காலூன்றி இறங்கும் பூனையின் வித்தை இதனினும் விந்தையானது, ஏனெனில் அதற்குத் தொடக்கத்தில் கோண உந்தமே கிடையாது. விடுபவரின் கையை உதைத்துத்தான் பூனை திரும்புகிறது என்று நம்பியவர்களுக்கு, 1894இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பிரெஞ்சு உடலியலாளர் எத்தியன்-ஜூல் மாரே தொடர் புகைப்படங்களைப் பாரிசில் காட்டினார். முன்னுடலும் பின்னுடலும் எதிரெதிராக முறுக்கிக்கொள்வது அவற்றில் தெரிந்தது.

அன்று கூட்டத்தில் எனக்குப் பின்னால் நின்றவர் அப்பெண்ணின் வித்தையைப் பிறவி வரம் என்றார். அக்குழு விரித்திருந்த மெத்தையின் மூலையில் பஞ்சு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கமாட்டார். அறிவியல் விழாக்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை இத்தகையோருக்கு நல்ல மெத்தை வாங்கக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

நாடகம் முடிந்ததும் அப்பெண்ணிடமே கேட்டேன். "வலது கைய காதோட ஒட்டணும் சார், இல்லன்னா திரும்பாது," என்றார், மெத்தையைச் சுருட்டியபடியே.